யாரும் பார்க்காத காந்தம்

என் ஆராய்ச்சியைப் பற்றி அப்பா என்னிடம் நேராகக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"அது இருக்குதா கண்ணு, இல்லியா?"

அது என்றால் ஒற்றைமுனைக் காந்தம். வடமுனை மட்டும் இருக்கும், தென்முனை கிடையாது. அல்லது தென்முனை மட்டும். சாதாரணக் காந்தத்தை ஒடித்தால் ஒரு துண்டில் வடக்கும் மறு துண்டில் தெற்கும் கிடைத்துவிடாது. இரண்டு குட்டிக் காந்தங்கள்தான் கிடைக்கும், இரண்டிலும் இரண்டு முனைகளும் இருக்கும். பொடிப்பொடியாக ஒடித்தாலும் கதை அதேதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒற்றை முனையோடு ஒன்று உலகத்தில் இருப்பதற்கு எந்தத் தடையும் தெரியவில்லை.

"இருக்கலாம்ப்பா. ஆனா இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை," என்றேன்.

அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "வெளிய யாருகிட்டயும் இப்படிச் சொல்லிப்போடாதே. காந்தத்தைப் பத்திப் படிக்கறேன்னு மட்டும் சொல்லு. பார்த்ததில்லைங்கற பேச்செல்லாம் நமக்குள்ளயே இருக்கட்டும்."

வீட்டுப் பெண் ஓடிப்போய்விட்டால் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அது தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த காலம். குன்னூர் பக்கத்தில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை இல்லை. ஜெகதளாவுக்கு மேலே பல தோட்டங்களில் இலை பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியை அப்படியே விட்டிருந்தார்கள். கவாத்து பண்ணி வெட்டிவிடாத தேயிலை மரமாகிவிடும். இடுப்பளவு நின்ற செடியெல்லாம் தலைக்கு மேலே போய் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஊரில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். நான் மட்டும் ஐந்து வருட உதவித்தொகையைத் தின்று தீர்த்துவிட்டு, ஆய்வேட்டை எழுதி முடிக்காமல், சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன்.

அப்பா ஒரு ஃபேக்டரியில் டீ மேக்கர். டீ மேக்கர் என்றதும் என் விடுதித் தோழிகள் பாய்லர் முன்னால் நின்று டீ ஆற்றுகிறவர் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை. சின்ன விவசாயிகளிடம் பச்சை இலையை வாங்கி, வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்துத் தூளாக்குகிற வேலை முழுவதும் அவர் பொறுப்பு. தூள் நன்றாக வந்தால் முதலாளிக்குப் பேர், கெட்டுப்போனால் டீ மேக்கருக்குப் பேர். விலை விழுந்த பிறகு வாரத்தில் பாதி நாள்தான் மெஷின் ஓடியது. மீதி நாள் அப்பா ஃபேக்டரிக்குப் போய் ஓடாத மெஷினைச் சுற்றி வந்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

அப்படி ஓடாத நாள் ஒன்றில்தான் அம்மா போட்ட போண்டாவை வைத்து என் ஆராய்ச்சியை விளக்கப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

"இந்தப் போண்டா ஒரு காந்தம். இது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே முனை. ஒண்ணுக்கொண்ணு நேரா மெதுவா வந்து மோதுதுன்னு வெச்சுக்கங்க. என்ன ஆகும்?"

"நசுங்கும்," என்றார் அம்மா.

"இல்லம்மா. ரெண்டும் சேர்ந்து ஒரு வடை ஆயிடும். நடுவுல ஓட்டையோட. அப்புறம் அந்த வடை பிரிஞ்சு மறுபடியும் ரெண்டு போண்டா ஆகும். ஆனா வந்த வழியில போகாது. பக்கவாட்டுல போகும். சரியா தொண்ணூறு டிகிரி."

இது நான் இட்டுக்கட்டியது இல்லை. உண்மையிலேயே சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது. இரண்டும் மோதுகிற கணத்தில் வளையமாகின்றன, பிறகு செங்குத்தாகப் பிரிந்து போகின்றன. பிரிந்த பிறகு எது இந்தப் பக்கமிருந்து வந்தது, எது அந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்கக்கூடாது. கேள்வியே செல்லாது.

எப்படித் தெரியும் என்றால், அதற்குத்தான் என் ஆய்வேடு. ஒரு காந்தத்திலிருந்து பார்த்தால் மற்றது எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் கடிகார முள் மாதிரி ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு முள்ளுக்கும் உள்ள வித்தியாசம் நான்காவது எண். இப்படி அந்த இரண்டும் இருக்கக்கூடிய நிலைகள் அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்தால் நான்கு திசைகள் கொண்ட ஒரு வளைந்த வெளி கிடைக்கும். காந்தங்கள் மெதுவாக நகர்வது, அந்த வெளியில் ஒரு புள்ளி தன்னால் முடிந்த மட்டும் நேராக நடந்து போவதற்குச் சமம். வளைந்த இடத்தில் நேராகப் போகிறவன் வளைந்துதான் போகவேண்டியிருக்கும். மேட்டுப்பாளையம் மலைப்பாதை பஸ் டிரைவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வெளியைப் பற்றி ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. காந்தத்துக்காகக் கட்டிய அது, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஈர்ப்பு எப்படி இருக்கவேண்டும் என்கிற விதிக்கும் பொருந்திவிடுகிறது. ஆனால் அங்கே நேரம் ஓடாது. நேரமும் மற்ற மூன்று திசைகளோடு நான்காவதாக ஒரு திசையாகப் படுத்துவிட்டது. அப்படிப்பட்ட வெளிக்கு ஈர்ப்பு இன்ஸ்டான்டான் என்று பெயர். இதையும் சொன்னேன்.

"நேரம் ஓடாத எடமா?" என்றார் அப்பா, வடையாகாத போண்டாவைக் கடித்துக்கொண்டு. "நம்ம ஃபேக்டரி இப்ப அப்படித்தான் கெடக்குது." அவ்வளவுதான். பிறகு ரேடியோவில் வானிலை கேட்கப் போய்விட்டார். காது கொடுத்துக் கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வினை ஃபேக்டரியிலிருந்து வந்தது. இலையை அரைக்கிற ரோலர்களில் பல் இருக்கும். பல் தேயத் தேய, இரும்புத் துகள் தூளோடு கலந்துவிடும். அதை இழுத்தெடுக்க, தூள் ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே காந்தம் கட்டியிருப்பார்கள். நல்ல காலமாக இருந்தால் ரோலரை மாற்றியிருப்பார்கள். நல்ல காலம் இல்லாததால் முதலாளி பழைய பல்லையே தீட்டித் தீட்டி ஓட்டினார். ஏலத்துக்குப் போன தூளில் இரும்பு இருக்கிறது என்று அந்த லாட், அதாவது அந்தத் தடவை அனுப்பிய மூட்டைகள் மொத்தமும், திரும்பி வந்தது. அடுத்த லாட்டும் திரும்பி வந்தது. இன்னொன்று திரும்பினால் ஃபேக்டரியைச் சாத்திவிடுவதாக முதலாளி சொன்னார்.

அந்த இடத்தில்தான் அப்பா வாயை விட்டார். "என்ற பொண்ணு காந்தத்துலதானுங்க டாக்டர் பட்டம் வாங்குது. வந்து பார்க்கச் சொல்றனுங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குத் தலை சுற்றியது. "அப்பா, நான் இதுவரைக்கும் நிஜக் காந்தத்தைக் கையில தொட்டதுகூட இல்லைப்பா. எனக்குத் தெரிஞ்சது பேப்பரும் பேனாவும்தான்."

"காந்தம் காந்தம்தானே கண்ணு? வாக்குக் குடுத்துட்டேன்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வருடமாகப் பஸ்ஸிலும் பேக்கரியிலும் பெண் என்ன பண்ணுகிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பூசி மெழுகிக்கொண்டிருந்த மனுஷன். ஒரே ஒரு தடவை என்னை வைத்துத் தலை நிமிர்ந்து பேசிவிட்டார். நான் போகாவிட்டால் அந்தத் தலை மறுபடி குனிந்துவிடும். அதற்காகத்தான் போனேன். அறிவுள்ள காரியம் இல்லை என்று அப்போதே தெரியும்.

முதலாளி கோயமுத்தூர் பழைய இரும்புக் கடையிலிருந்து எட்டுச் சட்டக் காந்தங்கள் வாங்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஃபேக்டரி ஃபிட்டர் காத்திருந்தார். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர், பேச்சு இன்னும் அங்கேயே இருந்தது. சலிக்கிற இடத்தில் இரும்பு மேஜை போட்டு, அதில் ஒரு பலகை வைத்து, எட்டையும் எப்படிப் பொருத்தலாம் என்று என்னைக் கேட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு யோசித்தேன். கையைக் கட்டிக்கொண்டால் யோசிப்பது போல இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

"எல்லாத்தோட வடமுனையும் கீழ பார்க்கணும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நெருக்கமா அடுக்குங்க. அப்பத்தான் பலம் எல்லாம் சேரும்."

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "ஒரே முனையெல்லாம் பக்கத்துல வச்சா ஒத்துக்காதே புள்ள?"

"ஒத்துக்கும்ணா. சும்மா வெச்சா சும்மா நிக்கும்."

இதைச் சொல்லும்போது எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. ஒரே முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்று ஆறாம் வகுப்பில் படித்தவள்தான். ஆனால் ஐந்து வருடமாக நான் குடியிருந்த உலகத்தில் அது நடக்காது. அங்கேயும் தள்ளுகிற விசை உண்டுதான். ஆனால் சரிசமமாக இழுக்கிற இன்னொரு விசையும் உண்டு. இரண்டும் கழிந்து சைபர். அதனால் என் காந்தங்கள் அசையாமல் வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் காலாகாலத்துக்கும் சண்டையில்லாமல் நிற்கும். ஆய்வேட்டின் முதல் பக்கமே அதுதான், மற்றதெல்லாம் அதன் மேல்தான் கட்டியிருந்தேன். காலையில் எழுந்தால் அதை நினைத்துக்கொண்டு பல் தேய்ப்பேன். நிஜ உலகத்தில் அந்த இரண்டாவது விசை இல்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லவே இல்லை.

ஃபிட்டர் படித்த பெண் சொல்லுக்குக் கட்டுப்பட்டார். முதல் காந்தத்தை வைத்தார். இரண்டாவதை அதன் அருகே கொண்டுபோனார், அது வழுக்கியது. முழங்கையால் அழுத்தி உட்காரவைத்தார். "சும்மா நிக்கும்னீங்களே?" என்றார். "கொஞ்ச நேரத்துல நின்னுடும்ணா," என்றேன். மூன்றாவதைப் பலம் கொண்ட மட்டும் நேராகத் தள்ளினார்.

அது நேராகப் போகவில்லை. எதிரே இருந்தது ஒரு பக்கவாட்டில் பாய்ந்தது, கையில் இருந்தது மறு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போனது. ஒன்று காற்றில் புரண்டு மீதிக் காந்தக் குவியலில் போய் அறைந்தது. இன்னொன்று மேஜை ஓரத்தில் கையை ஊன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் பக்கம் சறுக்கி, அவருடைய ஸ்வெட்டர் கையை நடுவில் வைத்து இரும்பு மேஜையோடு ஒட்டிக்கொண்டது. மணிக்கட்டு தப்பியது அவருடைய முன்னோர் செய்த புண்ணியம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதை இன்றைக்கும் மறைக்க ஆசைதான். கை தட்டினேன். "அப்பா, பார்த்தீங்களா? பக்கவாட்டுல! தொண்ணூறு டிகிரி!" என்று கத்தினேன்.

முதலாளி கையை இழுத்தார், வரவில்லை. ஃபிட்டர் காந்தத்தை இழுத்தார், அதுவும் வரவில்லை. அப்பா மிகுந்த மரியாதையோடு முன்னால் வந்து, "ஏனுங்க, ஸ்வெட்டரைக் கழட்டிப்போட்டீங்கன்னா வேலை சுளுவா முடிஞ்சுருமுங்க," என்றார்.

முதலாளி குளிரில் கழற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அது நின்றுபோயிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனம்மணி, ஒரே முனை தள்ளும்னு எங்க ஊட்டு ஆறாங்கிளாஸ் புள்ளைக்கே தெரியுமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுங்கறது சரியாத்தான் இருக்குது. நீ படிச்சது எந்தக் காந்தம்?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். சாத்திய கதவு அந்தப் பார்வையில் இருந்தது.

"அது பெரிய காந்தமுங்க," என்றார் அப்பா. "வெளிநாட்டுல இருக்கறதுங்க. நம்மூருக் காந்தத்துக்கு அதோட கொணம் வராதுங்க."

பொய். முதலாளி திட்டியது எனக்கு உறைக்கவில்லை, திட்டு வாங்க வேண்டிய வேலையைத்தான் செய்திருந்தேன். ஆனால் என்னை ஒளித்து வைப்பதற்காக அப்பா நின்ற நிற்பில் ஒரு பொய்யைத் தேடி எடுத்தாரே, அது வலித்தது. என் படிப்பை நினைத்து அவர் வெட்கப்படுகிறார் என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

இதற்கு நடுவே ஃபேக்டரியில் வேறொன்று நடந்தது. ஒன்று போய் அறைந்ததில் குவியலில் இருந்த காந்தங்கள் தாமாகவே வடக்கும் தெற்கும் மாறி மாறி ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன. ஃபிட்டர் கடப்பாரை போட்டுப் பார்த்தார், பிரியவில்லை. "இருக்கற மாதிரியே கட்டிப்போடுங்க," என்று அப்பா சொல்லிவிட்டார். கட்டினார்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் கட்டியின் அடியில் கருகருவென்று இரும்புத் தாடி முளைத்திருந்தது. மாறி மாறி அடுக்கினால்தான் துகளைப் பிடிக்கிற வேகம் கூடும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். முதலிலேயே போட்டிருக்கலாம்.

அடுத்த லாட் திரும்பி வரவில்லை. விலை மட்டும் அதே பாழாய்ப்போன விலை. ஆனால் முதலாளிக்குப் பெரிய மனது. ஸ்வெட்டர் கதையை விட்டுவிட்டு, டீ மேக்கர் பெண் வந்து காந்தத்தைச் சரி பண்ணிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். அதன் பிறகு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. பக்கத்து வெலிங்டனில் வேலை பார்க்கிற ஒருவர் ஃபிரிட்ஜ் கதவு சரியாக ஒட்டவில்லை என்று ரப்பர் பட்டையைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். இன்னொருவர் கோயில் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பு வலிக்குக் காந்தப் படுக்கை நல்லதா என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுப் போனார். அப்பா அத்தனை பேரையும் உட்காரவைத்து டீ கொடுத்தார். எனக்கு ஸ்பீக்கரைப் பிரித்து மாட்டக்கூட வந்துவிட்டது. யாரும் பார்க்காத காந்தத்தைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் மூச்சு விடக்கூடாது.

ஆறு மாதம் கழித்து ஃபேக்டரி மூடித்தான் போனது. இரும்பைக் காந்தம் இழுக்கும், விலையை எதைக் கொண்டு இழுப்பது? அப்பா சாவியை ஒப்படைத்துவிட்டு வந்த வாரத்தில் நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது.

"நானும் வர்றேன்," என்றார் அப்பா.

அந்தத் தேர்வு பொதுத் தேர்வு. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வருகிறவர்களுக்கு ஆய்வு மாணவர் டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும் என்பது எழுதாத சட்டம். அப்பா வந்தால், நான் என்ன படித்தேன் என்பதை ஒரு ஹால் நிறைய ஆட்கள் முன்னால் கேட்டாகவேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசி லாட் தூள் ஒரு கிலோவை என் வழிகாட்டிக்காக மடியில் வைத்துக்கொண்டு, நான் முன்பே போயிருந்த சென்னைக்கு ராத்திரி வண்டியில் அவர் வந்து சேர்ந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்தேன். இரண்டு உருண்டைகள் வளையமாகிப் பிரிகிற படத்தைத் திரையில் போட்டபோது, பக்கத்தில் இருந்தவரிடம் "வடை" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் வடை வந்துவிட்டது என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

தேர்வாளர்கள் கேட்டு முடித்தார்கள். பார்வையாளர்களுக்குக் கேள்வி உண்டா என்று தேர்வுக் குழுத் தலைவர் வழக்கப்படி கேட்டார். வழக்கப்படி யாரும் கேட்கமாட்டார்கள், டீ ஆறிவிடும். அன்று பின்வரிசையிலிருந்து ஒரு வேதியியல் பேராசிரியர் எழுந்தார். எந்தத் துறைத் தேர்வானாலும் வடைக்கு வந்துவிடுகிறவர். எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார்.

"ஏம்மா, இந்த ஒற்றைமுனைக் காந்தத்தை இதுவரைக்கும் யாராவது பார்த்திருக்காங்களா? இல்லையே? யாருமே பார்க்காத ஒண்ணுக்காக அஞ்சு வருஷம் எதுக்கு?"

ஹாலில் சிரித்தார்கள். என்னிடம் பதில் ஒன்று தயாராகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் முன்னால் இத்தனை பேர் சிரிக்கும்போது அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன்.

முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏனுங்க, நான் இந்தப் புள்ளையோட அப்பனுங்க," என்றார் அப்பா. எழுந்து பின்பக்கம் திரும்பி நின்றிருந்தார். தூள் பொட்டலம் கையிலேயே இருந்தது. "நமக்குக் குன்னூருங்க. தேயிலை வேலைங்க. நீங்க கேட்டது சரிதானுங்க. அதை யாரும் பார்த்ததில்லைங்க. என்ற பொண்ணு எங்கிட்ட மொதல்லயே சொல்லிப்போடுச்சுங்க. நாங்களும் நல்ல வெலைங்கறதைக் கண்ணுல பார்த்து நெம்ப வருசமாச்சுங்க. அதுக்குன்னு எலை பறிக்காம உட்டுட்டமுங்களா?"

அவ்வளவு உரக்க அவர் பேசி நான் கேட்டதில்லை. கதவெல்லாம் திறந்துதான் இருந்தது. பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, திரையில் இருந்த வளையம் நாலைந்தாகத் தெரிந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஐயா, மன்னிக்கணும். விதிப்படி கேள்விக்கு ஆய்வாளர்தான் பதில் சொல்லணும்."

"என் பதிலும் அதுதான் சார்," என்றேன்.

தலைவர் தேர்வாளர்களைப் பார்த்தார், அவர்கள் தலையசைத்தார்கள். பார்வையாளர் கேட்ட கேள்விக்கு ஆய்வாளர் நிறைவாகப் பதிலளித்தார் என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.